மறக்க முடியாத ஒரு விருந்து

மறக்க முடியாத விருந்து எது என்று கேட்டால் உங்களிற் பலர் ஒரு கலியாண வீட்டையோ பிறந்தநாள் விழாவையோ நினைத்துக்கொள்வீர்கள். நான் சொல்லப்போவது நான்கு பேர் மட்டும் அமர்ந்து உண்ட ஒரு விருந்தைப் பற்றி. அங்கே நான் ஒரு தவறும் செய்தேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

என் அப்பா யாழ்ப்பாணக் கடனீரேரியில் கூடு வைத்து நண்டு பிடிப்பவர். கண்டல் மரங்கள் நிற்கும் சேற்றில் வாழும் இந்த நண்டு ஒரு கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. இதற்கு வெளிநாடுகளில் நல்ல மதிப்பு உண்டு. சிங்கப்பூரின் புகழ்பெற்ற மிளகாய் நண்டுக்கு இலங்கை நண்டை விரும்பி வாங்குகிறார்கள். எனவே அப்பா பிடிக்கும் பெரிய நண்டுகள், கொடுக்குகள் கட்டப்பட்டு, உயிருடனேயே கொம்பனிக்குப் போய்விடும். எங்கள் வீட்டுச் சட்டிக்கு வருபவை சிறியவையும் கால் முறிந்தவையுமே. அம்மா அவற்றை முருங்கை இலை போட்டுக் கறி வைப்பார்.

என் பெற்றோர் 1999 ஆம் ஆண்டு, வன்னியில் இடம்பெயர்ந்து வாழ்ந்த காலத்தில் மணம் முடித்தவர்கள். கோயிலில் தாலி கட்டியதோடு எல்லாம் முடிந்துவிட்டது. பந்தலும் இல்லை, பந்தியும் இல்லை. இதை அம்மா குறையாகச் சொன்னதில்லை. ஆனாலும் அயலில் கலியாணம் நடந்தால் பந்தியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். அக்கா இதைக் கவனித்திருக்கிறார்.

2024 ஆம் ஆண்டு ஆவணி மாதம் அவர்களின் 25 ஆவது திருமண நாள் வந்தது. கொழும்பில் வேலை செய்யும் அக்கா எங்களை அங்கே அழைத்தார். இரவு பஸ்ஸில் புறப்பட்டோம். மறுநாள் மாலை கோட்டையிலுள்ள பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடத்தைக் காட்டினார். 17 ஆம் நூற்றாண்டில் வைத்தியசாலையாக விளங்கிய இடம் அது. தடித்த சுவர்களும் ஓட்டுக் கூரையும் முற்றங்களும் கொண்ட அக்கட்டடம் புதுப்பிக்கப்பட்டு, 2011 முதல் கடைகளும் உணவகங்களும் இயங்கும் இடமாகியுள்ளது. அங்கிருந்து சிறிது தூரத்தில் இருந்தது நாங்கள் செல்லவேண்டிய உணவகம். அக்கா முன்கூட்டியே மேசை ஒதுக்கி வைத்திருந்தார்.

வெள்ளைத் துணி விரித்த மேசை. ஒவ்வொருவர் முன்னும் இடப்புறம் முள்ளுக்கரண்டிகள், வலப்புறம் கத்திகள். வெளிப்புறத்தில் இருப்பதையே முதலில் எடுக்க வேண்டும், கைத்துணியை மடியில் விரிக்க வேண்டும் என்று நான் ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். அந்த அறிவு எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவின் கால்களில் இருந்த ரப்பர் செருப்பு எனக்கு வெட்கமாக இருந்தது.

முதலில் மீன் வந்தது. அப்பா வழக்கம்போலக் கையை நீட்டினார். நான் அவசரமாக அவர் காதருகே குனிந்து, "கையாலை வேண்டாம் அப்பா, ஆக்கள் பாக்கினம்" என்றேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. கரண்டியை எடுத்தார். மீன் துண்டு இரண்டு முறை நழுவியது. கரண்டியை வைத்துவிட்டு, "எனக்குப் பெரிசாப் பசியில்லை" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்துப் பரிமாறுபவர் ஒரு தட்டில் இரண்டு பெரிய நண்டுகளை வைத்துக் கொண்டுவந்து, எதைச் சமைக்கலாம் என்று கேட்டார். மலையகத்தைச் சேர்ந்த தமிழ் இளைஞர் அவர். அப்பா நண்டின் அடிவயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தார். பின்பு மற்றதையும் அழுத்தினார். "தம்பி, பெரிசாய் இருக்கிறது சதை இல்லாதது. இது சின்னனெண்டாலும் நிரம்பின நண்டு" என்றார். இளைஞர் வியப்போடு, "ஐயா என்ன வேலை செய்யிறீங்க?" என்று கேட்டார். அப்பா சொன்னார். அதன்பின் அந்த இளைஞரின் குரலில் முன்பைவிட மரியாதை கூடியிருந்தது.

நண்டு சமைக்கப்பட்டு வந்தபோது, கை கழுவ எலுமிச்சைத் துண்டு மிதக்கும் நீர்க் கிண்ணங்களும் வந்தன. "நண்டைக் கையாலதான் சாப்பிடணும் ஐயா. இங்க எல்லாருமே அப்படித்தான்" என்றார் அவர். நான் தலை குனிந்தேன். அப்பா கொடுக்கை ஒரே உடைப்பில் திறந்தார். முழுதாக வந்த சதையை அம்மாவின் கோப்பையில் வைத்து, "இஞ்சாரும், சாப்பிட்டுப் பாரும். இருபத்தைஞ்சு வருசமாப் பிடிக்கிறன், இவ்வளவு பெரிசை நானும் இண்டைக்குத்தான் தின்னப்போறன்" என்றார். அம்மா சிரித்தார். அவரது கண்கள் கலங்கியிருந்தன.

பற்றுச்சீட்டின் அடியில் 10% சேவைக் கட்டணமும் 18% பெறுமதி சேர் வரியும் சேர்க்கப்பட்டிருந்தன. நீங்களும் இத்தகைய இடங்களுக்குச் செல்லும்போது, விலைப்பட்டியலில் உள்ள விலையோடு இவையும் சேருமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். "எவ்வளவு பிள்ளை?" என்று அப்பா கேட்டார். "நீங்கள் என்னைப் படிப்பிச்சதிலும் குறைவு" என்று சொல்லி அக்கா சீட்டை மடித்துவிட்டார்.

வெளியே வந்ததும் நான் அப்பாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "நீ சொன்னதிலை பிழையில்லை தம்பி. பழகினால் கரண்டியும் பிடிக்கலாம்" என்றார். நண்பர்களே, மேசை ஒழுங்குகளைக் கற்பது நல்லதுதான். அவை அருகில் இருப்பவருக்கு இடைஞ்சல் தராமல் உண்பதற்காக ஏற்பட்டவை. அவற்றைக் கொண்டே நம்மை வளர்த்தவர்களைக் கூசவைத்தால், நாம் கற்றதில் பயனில்லை.

2025 இல் அதே நாள் வந்தது. அன்று கூட்டில் அகப்பட்ட மிகப் பெரிய நண்டு கொம்பனிக்குப் போகவில்லை. அம்மா அதை முருங்கை இலை போட்டுக் கறி வைத்தார். நாங்கள் எல்லோரும் நிலத்தில் பாய் விரித்து இருந்து, கையால் உண்டோம்.