வரைபடத்தில் மிஞ்சிய ஆலயம்

மட்டாஞ்சேரியில் பெயர்களை நம்பினால் ஏமாந்துபோக வேண்டியதுதான். பயணிகள் வரிசையில் நின்று பார்க்கும் 'டச்சு அரண்மனை'யை டச்சுக்காரர்கள் கட்டவில்லை. 1555 வாக்கில் போர்த்துக்கீசியர்கள் கட்டி, கொச்சி அரசர் வீர கேரள வர்மாவுக்குக் கொடுத்த மாளிகை அது. 1663இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் அதைப் பழுது பார்த்தார்கள். பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. கட்டடத்தின் பிளானைப் பார்த்தாலோ இரண்டு பேருமே காணாமல் போகிறார்கள். நடுவே முற்றம், முற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில், சுற்றிலும் நான்கு கட்டுகள். கேரளத்தின் நாலுகெட்டு வீடுதான், கொஞ்சம் பெரிய அளவில்.

அரண்மனைக் கோயிலுக்கு ஒரு சுவர் தள்ளி இருக்கிறது பரதேசி யூதர் ஆலயம். தமிழில் வசைச் சொல்லாகத் தேய்ந்துவிட்ட 'பரதேசி' இங்கே இன்னமும் பழைய பொருளில், வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்ற பொருளில், மரியாதையோடு வாழ்கிறது. ஸ்பெயின் முதலான நாடுகளிலிருந்து வந்த யூதர்கள் 1568இல் எழுப்பிய ஆலயம் இது. தரையில் பதித்த நீல வெள்ளைச் சீன ஓடுகளும், வணிகர் எசக்கியேல் ரஹாபி 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மணிக்கூண்டும் உலகப் பிரசித்தம். 1968இல் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், தபால்தலை வெளியானது. மணிக்கூண்டு சிதிலமடைந்தபோது உலக நினைவுச்சின்ன நிதியம் உதவிக்கு வந்தது. 1990களின் இறுதியில் கூண்டு புத்துயிர் பெற்றது.

கூட்டம் இந்த ஆலயத்தோடு திரும்பிவிடுகிறது. ஆனால் மட்டாஞ்சேரியில் ஒரு காலத்தில் யூதர் ஆலயங்கள் மூன்று இருந்தன. பரதேசிகளுக்கு வெகுகாலம் முன்பே இந்தக் கரையில் வேரூன்றிய மலபார் யூதர்களுடையவை மற்ற இரண்டும். பெயர்களைத் தமிழர்களுக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஒன்று தெக்கும்பாகம், தெற்குப் பக்கம். மற்றது கடவும்பாகம், படகுத்துறைப் பக்கம்.

இஸ்ரேல் பிறந்த பிறகு, 1950களில், மலபார் யூதர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். சபை போனதும் கட்டடங்கள் அனாதையாயின. தெக்கும்பாகம் ஆலயம் 1960களில் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் வீடு வந்தது. கடவும்பாகம் ஆலயம் கைமாறி, கிடங்காகப் புழங்கியது. 1991இல் அதன் மர வேலைப்பாடுகள் விலைக்கு வாங்கப்பட்டு ஜெருசலேமுக்குப் போயின. பிரிட்டனைச் சேர்ந்த வள்ளல் ஃபிரெட் வோர்ம்ஸ் அதற்கு உதவினார். 1995 முதல் இஸ்ரேல் அருங்காட்சியகத்தின் ஒரு கூடத்தில் அந்த உட்புறம் நிற்கிறது. அங்கே வைத்திருக்கும் திருமறைப் பேழை மட்டும் பறவூர் ஆலயத்துடையது. மட்டாஞ்சேரியில் மிஞ்சியது கூடு. அதுவும் 2019 செப்டம்பர் மழையில், முன்பகுதி சரிந்து விழுந்தது.

ஆக, மூன்றில் ஒன்று நிற்கிறது, ஒன்று மறைந்தது, ஒன்று பாதி அங்கும் பாதி இங்குமாகக் கிடக்கிறது. அந்தக் கடைசிக் கட்டடத்தை இன்று ஒருவர் முழுதாகப் பார்க்க விரும்பினால் ஜெருசலேமுக்கும் மட்டாஞ்சேரிக்கும் நடுவே ஒரே ஒரு வழிதான் உண்டு. அது காகிதம்.

அந்தக் காகிதங்களில் முக்கியமானவை ஜே வரோங்கர் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் தீட்டியவை. பேராசிரியரான அவர் 1990களிலிருந்து இந்தியாவின் யூதர் ஆலயங்களை ஊர் ஊராகத் தேடிப் போய் அளந்து, பிளானாகவும் முகப்புப் படமாகவும் நீர்வண்ணத்தில் வரைந்து வந்திருக்கிறார். கேமரா கையில் இருக்கும்போது எதற்கு டேப்பும் பென்சிலும் என்று தோன்றலாம். புகைப்படம் ஒரு பக்கத்தைக் காட்டும். சுவரின் கனத்தைக் காட்டாது. சுவரின் கனம் தெரியாமல் கூரையின் பாரத்தைக் கணக்கிட முடியாது.

நிற்கும் கட்டடத்தை அளந்து வரைவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அறையின் நாலு பக்கத்தை அளந்தால் மட்டும் போதாது. மூலைக்கு மூலை குறுக்கேயும் அளக்க வேண்டும். அப்போதுதான் சதுரம் என்று கண் நம்பிய அறை உண்மையில் கோணலானது என்று தெரியும். தூக்குக்குண்டு தொங்கவிட்டால் சுவர் எத்தனை விரல்கடை சாய்ந்திருக்கிறது என்பது வெளிப்படும். பிறகு கட்டடத்தைக் கத்தியால் நறுக்கியது போல வெட்டுமுகப் படம் வரைய வேண்டும். தரையிலிருந்து கூரை முகடு வரை எது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை அந்தப் படம்தான் சொல்லும்.

கேரளத்து யூதர் ஆலயங்களின் ரகசியமே வெட்டுமுகத்தில்தான் இருக்கிறது. மறை ஓதும் மேடை எல்லா ஊர் ஆலயங்களிலும் உண்டு. இங்கே கூடத்தின் நடுவில் ஒன்று இருக்க, மாடி முன்றிலில் இரண்டாவதாக ஒன்றும் இருக்கும். மாடியில் அதற்குப் பின்னால் பெண்கள் அமரும் பகுதி. விசேஷ நாட்களில் மறை மேலே ஏறிவிடும். உலகின் மற்ற யூதர்கள் அறியாத இந்த வழக்கத்தைத் தரையில் நின்று எடுத்த படத்தில் பிடிப்பது கஷ்டம். வெட்டுமுகப் படத்தில் ஒரே பார்வையில் புரியும்.

படம் முதலா, கட்டடம் முதலா என்ற கேள்விக்கு ஊருக்கு ஒரு பதில். சென்னை மெரினாவில் நிற்கும் பல்கலைக்கழக செனட் மண்டபம் காகிதத்தில் பிறந்தது. 1864இல் நடந்த போட்டியில் ராபர்ட் சிஷோம் வரைந்த படம் வென்றது. 1874இல் தொடங்கிய கட்டுமானம் 1879இல் முடிந்தது. பக்கத்தில் உள்ள மாநிலக் கல்லூரியும் அவர் வரைந்ததே. இத்தகைய கட்டடத்தில் தூண் விழுந்தாலும் அது எப்படி இருக்க வேண்டும் என்று எண்ணியவரின் கை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும்.

கேரளத்து மூத்தாசாரிகளின் வழி வேறு. தச்சு சாஸ்திரம் அவர்கள் நினைவில் இருந்தது, அளவு அவர்கள் கையிலிருந்த கோலில் இருந்தது. ஒரு கோலுக்கு இருபத்து நான்கு அங்குலம். இங்கிலீஷ் அங்குலம் அல்ல; ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் கொண்ட அங்குலம். ஆகவே கோல் என்பது சுமார் 72 சென்டிமீட்டர். மெட்ரிக் டேப்பில் அரையும் காலுமாக வரும் பழைய வீட்டு அளவுகள், கோலுக்கு மாற்றினால் பல சமயம் சுத்தமாகப் பொருந்திவிடும். ஆசாரி மனதில் வைத்திருந்த பிளான், அவர் போய் நூற்றாண்டுகள் கழிந்த பிறகு அப்போதுதான் முதன்முறையாகக் காகிதத்துக்கு வருகிறது.

அளக்கும் வரை கட்டடம் காத்திருக்குமா என்பதுதான் கேள்வி. மலபார் கரையில் மழைதான் எமன். கூரையில் ஓடு ஒன்று விலகினால் போதும். தண்ணீர் சுவரின் தலையில் இறங்கும், சுண்ணாம்புப் பூச்சு உப்பி உதிரும், உள்ளே இருக்கும் செம்புராங்கல் ஊறி நெகிழும். ஆள் குடியிருக்கும் வீட்டில் ஓட்டை மறுநாளே மாற்றிவிடுவார்கள். பூட்டிய கட்டடத்தில் அதைப் பார்க்கக்கூட ஆள் இல்லை.

மழைக்குத் தப்பியவற்றைச் சந்தை பார்த்துக்கொள்கிறது. மிளகும் இஞ்சியும் மணத்த யூதர் தெருவில் இப்போது பழம்பொருள் கடைகள் நெருக்கியடிக்கின்றன. செதுக்கிய கதவு, உத்தரம், தூண், ஜன்னல் என்று எல்லாம் கிடைக்கும். எந்த வீட்டுத் தூண், எந்த வாசல் கதவு என்று கேட்டால் பதில் கிடைப்பது அபூர்வம். காரைக்குடியின் பழம்பொருள் தெருவைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பங்காளிகள் பிரித்துக்கொண்ட செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்கள் அங்கே இப்படித்தான் முகவரி இல்லாமல் நிற்கின்றன. வீட்டின் படம் ஒன்று இருந்திருந்தால் தூணுக்கு ஊர் இருந்திருக்கும்.

படம் வரைந்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மட்டாஞ்சேரிக்கு வடக்கே சாட்சி இருக்கிறது. சேந்தமங்கலம் யூதர் ஆலயம் புதுப்பிக்கப்பட்டு 2006இல் அருங்காட்சியகமானது. அங்கே உழைத்தவர்களில் வரோங்கரும் ஒருவர். பறவூர் ஆலயமும் முசிறி மரபுத் திட்டத்தில் சீரமைக்கப்பட்டு அருங்காட்சியகமாகிவிட்டது. இரண்டிலும் சபை இல்லை, வழிபாடு இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ளே நின்று இரண்டாவது மேடையை அண்ணாந்து பார்க்க முடிகிறது.

எல்லாக் கட்டடத்துக்கும் அமெரிக்காவிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. நாட்டின் கட்டடக்கலைக் கல்லூரிகளில் பழைய கட்டடம் ஒன்றை அளந்து வரைவது மாணவர்களுக்குப் பயிற்சி. இந்தியக் கட்டடக்கலை மாணவர்களின் தேசிய சங்கம் இதற்கென்றே லூயி கான் பெயரில் கோப்பை வைத்துப் போட்டி நடத்துகிறது. பிள்ளைகள் டேப்பைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நாள் கணக்கில் நின்று வரைகிறார்கள். மதிப்பெண் கிடைத்ததும் தாள்கள் கல்லூரிப் பரணுக்குப் போய்விடுகின்றன. அவற்றின் பிரதி ஒன்று அந்தந்த ஊர் நகராட்சியிலும் நூலகத்திலும் இருந்தால், சுவர் சரியும் நாளில் பொறியாளர் கையில் ஆதாரம் இருக்கும்.

கடவும்பாகத்தின் இடிபாட்டை மறுபடி எழுப்பினாலும் அது பழைய ஆலயம் ஆகிவிடாது என்று சொல்பவர்கள் உண்டு. அது நியாயமான வாதம்தான். ஜெருசலேமுக்குப் போன மரவேலை திரும்பப் போவதில்லை. அதைப் பார்த்து வளர்ந்த சபையும் திரும்பி வந்து குடியேறப் போவதில்லை. ஆனால் சுவர் எத்தனை கனம், மாடியின் மேடை எங்கே, உத்தரம் எதில் தாங்கியது என்ற விவரம் கையில் இருக்கும்போது, எழுப்புவதா வேண்டாமா என்று ஊர் உட்கார்ந்து யோசிக்க முடியும். தெக்கும்பாகம் விஷயத்தில் அந்த யோசனைக்கே இடமில்லாமல் போயிற்று. யூதர் தெருவில் அது நின்ற இடத்தைப் பயணிகள் தினமும் கடந்துபோகிறார்கள். அங்கே ஓர் ஆலயம் இருந்தது என்று சொல்ல ஒரு சுவரும் இல்லை.