பனிமலையில் காடு வெட்டியவர்கள்

இலங்கையின் மலையகத்தில், அட்டனைத் தாண்டியதும் ரயில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைகிறது. அரைக் கிலோமீட்டருக்கு மேல் இருட்டு. அப்புறம் கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ரதல்ல என்று தேயிலைக்குள்ளேயே வளைந்து வளைந்து ஏறி, மாலையில் நானுஓயாவில் நிற்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரம். ஜனவரி மாதம். மேடையில் நிற்பவர்கள் எல்லாரும் காதை மூடியிருக்கிறார்கள்.

வழியெல்லாம் நான் வாசித்து வந்தது லாரா இங்கல்ஸ் வைல்டரின் ‘தி லாங் வின்டர்’. 1940இல் வந்த அந்த நாவலுக்கு அடியில் இருப்பது நடந்த கதை. 1880 அக்டோபரில் தொடங்கிய பனிப்புயல்கள், அமெரிக்காவின் டகோட்டாப் பகுதியில் டி ஸ்மெட் என்ற புதுக் குடியேற்றத்தை முடக்கிப்போட்டன. தண்டவாளம் பனியில் புதைந்து, ஜனவரியில் நின்றுபோன ரயில் மே மாதம்தான் மறுபடி வந்தது. நிலக்கரி தீர்ந்ததும் காய்ந்த புல்லை முறுக்கி எரித்தார்கள். மாவு தீர்ந்ததும் காப்பிக்கொட்டை அரைக்கும் கைமெஷினில் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டார்கள். அப்போது லாராவுக்கு வயது 13.

நான் வந்த பாதையும் அந்தக் காலத்தில் போட்டதுதான். 1884இல் அட்டனுக்கும், 1885 மே மாதம் நானுஓயாவுக்கும் ரயில் வந்தது. காப்பி மூட்டைகளை இறக்கத்தான் மலைக்குப் பாதை வேண்டும் என்றார்கள் துரைமார்கள், அதாவது வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள். ஆனால் 1869இல் தலைகாட்டிய இலைநோய், பாதை இங்கே வந்து சேர்வதற்குள் காப்பியை ஒழித்துவிட்டது. இறங்கியது தேயிலைப் பெட்டிகள்.

இந்த மாற்றம் மனிதர்களின் தலையெழுத்தையும் மாற்றியது. காப்பி, பருவத்துக்குப் பழம் பறிக்கும் வேலை. தமிழ்நாட்டுச் சனம் வந்து பறித்துவிட்டு ஊர் திரும்பலாம். தேயிலையில் வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக வந்தார்கள், லயம் என்ற வரிசை வீடுகளில் தங்கினார்கள். மழைக்காலத்திலும் வேர்த்துப் பழகிய சமவெளிக்காரர்கள் அவர்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சம் துரத்த, ஆள் சேர்க்க வந்த கங்காணியின் பேச்சை நம்பிக் கடல் தாண்டி, தலைமன்னாரிலிருந்து காடு வழியே மாத்தளை வரை நடந்தவர்களும் அவர்களில் உண்டு. அந்தப் பாதையில் காலராவும் காய்ச்சலும் எத்தனையோ பேரைக் கொண்டுபோயின.

நானுஓயாவுக்கு மேலே ஒரு லயத்தில், ஓய்வுபெற்ற தொழிலாளியான ஒரு பாட்டியைப் பார்த்தேன். முன்திண்ணையான இஸ்தோப்பில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போய் ஒரு பழைய கம்பளியை எடுத்து வந்தார். ஒரு மூலையை உள்ளே மடக்கி, தலையில் கவிழ்த்து, முதுகில் தொங்கவிட்டுக் காட்டினார். கொங்காணி. மழைக்கும் பனிக்கும் மலையில் இருந்த ஒரே கூரை அது. நனைந்தால் ஆளை அழுத்தும் கனம். அதன் மேல்தான் கூடைக் கயிறு.

“எங்க அப்பாயி காலத்துல இந்தக் கம்பளிக்கும் சம்பளத்துல புடிச்சிருவாங்களாம் தம்பி. குளிருக்குப் போத்தினதும் கடன்தான்” என்றார்.

மறுநாள் விடியலில் நுவரெலியாப் பக்கம் போனபோது பள்ளத்துப் புல் வெள்ளையாகக் கிடந்தது. ஜனவரி, பிப்ரவரியில் சில இரவுகள் இங்கே உறைபனி விழும். வெயில் ஏறியதும் கொழுந்து நெருப்பு பட்டதுபோலக் கருகிவிடும். கருகின மலையில் கொழுந்து இல்லை. எடுக்கிற கொழுந்தின் எடையை நம்பி இருக்கும் வீட்டில் அடுப்பும் மந்தம்தான்.

லாராவின் குடும்பத்தையும் இவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பசி, குளிர், புதுமண் எல்லாம் இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் அங்கே 1862ஆம் வருஷத்துச் சட்டப்படி, ஐந்து வருஷம் குடியிருந்து பயிர்செய்தவருக்கு 160 ஏக்கர் சொந்தம். அது டகோட்டாப் பழங்குடிகளிடமிருந்து பறித்த நிலம் என்பதையும் மறக்கக் கூடாது. இங்கேயும் 1840ஆம் வருஷச் சட்டம், பத்திரம் காட்ட முடியாத கண்டி விவசாயிகளின் காட்டையும் மேட்டையும் அரசுக்கு எடுத்துத் துரைமார்களுக்கு விற்றது. காடு வெட்டிய தமிழனுக்குக் கிடைத்தது ஒரு லயக் காம்பறா. வேலை போனால் அதுவும் போகும்.

1948இல் இவர்களின் குடியுரிமையும் போனது. 1964இல் கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ இந்த வாழ்வை நாவலாகச் சொன்னது. அதே வருஷம் அக்டோபரில், இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்தது. அவர்களில் யாரையும் யாரும் கேட்கவில்லை. மிஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் வருஷச் சட்டத்தோடுதான் தீர்ந்தது.

2023இல், மலையக மக்கள் இந்த மண்ணுக்கு வந்து 200 வருஷமானதை நினைத்து, பலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அந்தப் பழைய பாதையில் மறுபடி நடந்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் காணி உரிமையும் ஒன்று. சில தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் எழும்பியிருக்கின்றன. நல்லது, ஆனால் போதாது. டி ஸ்மெட்டில் ஒரு குளிர்காலத்தைத் தாங்கியவர்களை உலகம் முன்னோடிகள் என்று கொண்டாடுகிறது. தலைமுறை தலைமுறையாக இந்தக் குளிரைத் தாங்கி ஒரு நாட்டின் வருமானத்தைத் தோளில் சுமந்தவர்களுக்கும் அதே பெயர்தான் பொருந்தும். அந்தப் பெயருக்கு உரிய காணி உறுதி, ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும், அந்த வீட்டுப் பெண்ணின் பெயரையும் சேர்த்து, இந்தத் தலைமுறையிலேயே சேர வேண்டும்.