சேர்வராயன் மலையில் எதை எண்ணுவது?

சேர்வராயன் கோயிலுக்குள் நிமிர்ந்து நடக்க முடியாது. 5,326 அடி உயரத்தில் இருக்கும் குகைக் கோயில் அது. சேர்வராயனையும் காவேரி அம்மனையும் கும்பிட யார் போனாலும் குனிந்துதான் போக வேண்டும். உள்ளே பாறையின் குளிர்ச்சி. வெளியே வந்தால் முகத்தில் அறையும் காற்று. இந்த மலையில் வாழும் மக்களுக்குக் குலசாமி போன்றவர் சேர்வராயன். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்கள் திரண்டு வரும்.

அதே மே மாதம்தான் ஏற்காட்டில் கோடை விழா, மலர்க் கண்காட்சி எல்லாம். அந்த நாட்களில் குகைக்குள் நகரும் வரிசையைவிட வெளியே கார் வரிசைதான் நீளம். ஏரியில் தொடங்கி கோயில் மேடு வரை ஹாரன் சத்தம்.

சேலத்திலிருந்து மேலே வர 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் பேருந்து திரும்ப முழுச் சாலையும் வேண்டும். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழிவிட வேண்டும். சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகிய பலருக்கு இது தெரிவதில்லை. ஒருவர் மூக்கை நீட்டினால் போதும், இரு பக்கமும் அடைத்துக்கொள்ளும். அதனால் கோடை விழாவின்போது அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையாக்குகிறார்கள். ஓரளவு பலன் உண்டு. ஆனால், மேலே வந்து சேரும் கார்களின் எண்ணிக்கை அதனால் குறைவதில்லை.

'ஏழைகளின் ஊட்டி' என்று ஏற்காட்டைச் சொல்வார்கள். அசல் ஊட்டி என்ன செய்தது? சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று வரம்பு கட்டினார்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்தில் வருபவருக்குத் தடை இல்லை.

நல்ல தொடக்கம்தான். ஆனாலும் அங்கே எண்ணப்படுவது வண்டி. 40 பேர் பேருந்தில் வந்தால் வளைவில் ஒரு வண்டி. காருக்கு நாலு பேராக வந்தால் பத்து வண்டி. பத்துக்கும் மேலே நிறுத்த இடம் வேண்டும். பேருந்தோ ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். ஆக, வந்தவர்களில் எத்தனை பேர் பேருந்தில் வந்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கணக்கு.

சுவிட்சர்லாந்தில் செர்மாட் என்ற மலை ஊருக்குப் போகிறவர்கள், ஐந்து கிலோமீட்டர் முன்னாலேயே டேஷ் என்ற ஊரில் காரை நிறுத்திவிட்டு ரயில் ஏறுகிறார்கள். ஏற்காட்டுக்கு ரயில் இல்லை. ஆனால், ஏரிக்கும் சேர்வராயன் கோயிலுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு மினி பஸ் ஓடினால் காரை ஏரிப் பக்கமே விட்டுவிட யாருக்கும் மனம் வரும். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டுமென்றால் வராது. குழந்தையோடு வந்தவர் காரைத்தான் எடுப்பார்.

நம்பிக்கையும் வேண்டும். 2024 ஏப்ரல் 30 அன்று இதே மலைப்பாதையின் 13-வது வளைவில் தனியார் பேருந்து கவிழ்ந்து உயிர்கள் போயின. பேருந்தில் போகச் சொல்கிறவர்கள் பிரேக்கையும் ஓட்டுநரின் ஓய்வு நேரத்தையும் பார்த்தாக வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சுற்றுலாப் பயணிக்கு நெரிசல் ஒரு நாள் எரிச்சல். மலைக் கிராமத்துக்காரருக்கு அப்படியல்ல. மருத்துவமனைக்கோ மிளகு விற்கவோ சேலம் போகிறவரின் பேருந்தும் அந்தக் கார்களுக்குப் பின்னால்தான் நிற்கிறது. சாதாரணச் செவ்வாய்க்கிழமை அந்தப் பேருந்து சேலம் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது, மே மாத ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நேரமாகிறது? நடத்துநரின் கைக்கடிகாரமே இதைச் சொல்லிவிடும்.

மாலையில் கோயில் மேட்டில் பனி இறங்குகிறது. கடைசியாக வந்த கார் ஒன்று இடம் தேடி இரண்டு முறை சுற்றுகிறது. சாலையோரத்தில் மூட்டையோடு ஒரு பாட்டி, பேருந்து வரும் திசையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.