பாடி வளைவில் 20 கிலோ!

 

எங்க வீடு அம்பத்தூர். வீட்ல ஒரு பழைய மாருதி 800. ரெண்டு மாசம் அப்பா பக்கத்துல உட்கார்ந்து 'மெதுவா... மெதுவா'னு மந்திரம் ஓத, ஓட்டிப் பழகினேன். போன மாசம்தான் முதல் தடவையா தனியா சாவி கிடைச்சது. பாடி மேம்பால வளைவுல திரும்புறேன்... டயர் 'கிறீச்'! கார் வெளிப்பக்கமா ஒதுங்கி, வலப்பக்கக் கதவு சுவரை லேசா உரசிட்டு நின்னுச்சு. ரெண்டு நிமிஷம் கை நடுக்கம் நிக்கலை.

'அப்பா இருந்தப்போ இப்படி ஆகலையே!' மெக்கானிக்கல் மூளை உடனே ஒரு சாக்கு கண்டுபிடிச்சது. நாம சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால், மேம்பாலத்து இலை வளையங்கள் இடது பக்கமாத்தான் சுற்றும். இடது பக்கம் திரும்பினா, பாரம் வலப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். ஏற்கெனவே அந்தப் பக்கம் நான். அப்பா சீட் காலி!

1992-ல் வந்த மெக்லாரன் எஃப்1 காரில் டிரைவருக்கு நடு சீட். இருங்காட்டுக்கோட்டையில் பறக்கும் ஃபார்முலா கார்களிலும் அப்படியே. அட, நம்ம ஆவடியில் தயாரான டி-72 டாங்கியிலும் டிரைவர் நடுவில்தான். (41 டன்னுக்கு முன்னால் அவர் வெறும் கொசு. அது வேற கதை!)

சரி, நிரூபிச்சுடலாம்னு பேப்பரை எடுத்தேன். கார் சுமார் 650 கிலோ, நான் 70. நடுக்கோட்டிலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்றேன். இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே 1.2 மீட்டர். விடை: வலப்பக்கம் 380, இடப்பக்கம் 340. என்னால் இடம் மாறியது வெறும் 20 கிலோ!

அடுத்து வளைவு. ஆரம் 40 மீட்டர், ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரம்னு வச்சுக்கிட்டேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வலப்பக்கம் தாவுற பாரம் சுமார் 95 கிலோ. 50-ல்? கிட்டத்தட்ட 150! வேகத்தோட வர்க்கமாச்சே. பாரம் ரெண்டு மடங்கானாலும் டயரோட பிடிமானம் ரெண்டு மடங்காகாது. அதான் வழுக்கல்.

அன்னிக்கு முள் 50-ஐத் தாண்டியிருந்தது.

அந்தப் பேப்பரை அப்பாகிட்ட இன்னும் காட்டலை. கீறலைப் பார்த்துக் கேட்டப்போ 'டயர்ல காத்து கம்மிப்பா'னு சொல்லியிருந்தேன். பாவம், நேத்துகூட நாலு டயருக்கும் காத்து அடிச்சுட்டு வந்தார்.