கடைசித் துண்டு

2012 ஜூலை 4. சேர்னில ஹிக்ஸ் துணிக்கையைக் கண்டுபிடிச்சாச்சு எண்டு செய்தி வந்தது. நான் அப்ப சாதாரண தரம். ரியூசனில சேர் சொன்னார்: "கடைசித் துண்டும் கிடைச்சிட்டுது பிள்ளையள். இனிப் பௌதிகவியலில தேட ஒண்டுமில்லை." உயர்தரத்தில நான் வர்த்தகம் எடுத்ததுக்கு அது மட்டும் காரணமில்லை. ஆனால் அதுவும் ஒரு காரணம்.

இப்ப வேலை நுவரெலியாவில. ஜனவரியில தேங்காய் எண்ணெய்ப் போத்தலைச் சுடுதண்ணிக்குள்ள வைச்சு இளக்கினாலும் திரும்ப உறைஞ்சிடும். முழுவதும் ஒரேயடியாக உறையாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைத் திட்டுகள் தோன்றிப் பெருத்து, ஒன்றோடொன்று முட்டிச் சேரும். பக்கத்தில இருக்கிற கித்துள் பாணி அப்படியில்லை. குளிரக் குளிர மெல்ல மெல்லத் தடிக்கும், அவ்வளவுதான்.

பிரபஞ்சமும் குளிர்ந்துதான் வந்தது. பெருவெடிப்புக்குப் பிறகு, ஒரு செக்கனைப் பத்தாயிரம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு நேரமளவில், ஹிக்ஸ் புலம் தன் நிலையை மாற்றியது. அடிப்படைத் துணிக்கைகளுக்குத் திணிவு வந்தது அப்பதான். அந்த மாற்றம் எண்ணெய் மாதிரி நடந்ததா, பாணி மாதிரியா?

இது எங்கட இருப்போட சம்பந்தப்பட்ட கேள்வி. பொருளும் எதிர்ப்பொருளும் சமனாகவே இருந்திருந்தால் ஒன்றையொன்று அழித்து, கிட்டத்தட்ட ஒளி மட்டும்தான் மிஞ்சியிருக்கும். பொருள் மிஞ்ச வேண்டுமெண்டால் சில நிபந்தனைகள் வேண்டும் எண்டு 1967இல் அந்திரேய் சகாரோவ் எழுதினார். அதில ஒன்று, ஏதோவொரு தருணத்தில் வெப்பச் சமநிலை குலைய வேண்டும் என்பது. எண்ணெய்த் திட்டு மாதிரிக் குமிழிகள் பிறந்து விரிந்திருந்தால், அவற்றின் சுவரோரம் அந்தக் குலைவு கிடைத்திருக்கும். பாணி மாதிரி எண்டால் கிடைக்காது.

நான் பிறந்த 1996இல் வந்த கணினிக் கணக்கு ஒன்று, ஹிக்ஸின் திணிவு சுமார் 80 கிகா இலத்திரன்வோல்ற்றுக்கு மேல் எண்டால் குமிழி வராது எண்டு காட்டியது. 2012இல் அளந்த திணிவோ 125. அதாவது, சேர் கடைசித் துண்டு எண்டு சொன்ன அதே துண்டுதான், தெரிந்த துணிக்கைகள் மட்டும் இருந்தால் இந்த வழி மூடி எண்டு சொல்லியிருக்கு.

ஹிக்ஸோடு ஊடாடும் புதிய துணிக்கை ஒன்று இருந்தால் கதை மாறலாம். புலத்தின் பழைய நிலைக்கும் புதிய நிலைக்கும் நடுவில் அது ஒரு மேட்டை எழுப்பலாம். மேட்டைத் தாண்டின இடங்களில் மட்டும் புதிய நிலை குமிழியாகப் பிறக்கும். குமிழிகள் மோதினால் ஈர்ப்பலைகள் எழும். போதிய பலமிருந்தால், அதன் மிச்சம் இன்றைக்கும் கேட்கக்கூடும்.

அதைக் கேட்கக்கூடிய ஒன்றுதான் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் லிசா. 25 இலட்சம் கிலோமீற்றர் இடைவெளியில் மூன்று விண்கலங்கள். 2035இல் அனுப்பத் திட்டம்.

அப்ப எனக்கு 39 வயது. போன மாசம் பழைய புத்தகக் கடையில உயர்தரப் பௌதிகவியல் புத்தகம் ஒண்டு வாங்கினன். இன்னும் முதலாம் அலகுதான்.