வூ-டாங் கிளானின் கவனிக்கப்படாத மூன்றாவது தொகுப்பு

வூ-டாங் கிளான் என்ற பெயரைக் கேட்டதும் ஹிப்-ஹொப் ரசிகர்கள் வழமையாக மூன்று விடயங்களைக் குறிப்பிடுவர். முதலாவது, 1993 நவம்பரில் வெளிவந்த அவர்களது முதல் தொகுப்பு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2022 இல் அதனைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. இரண்டாவது, 1997 ஜூனில் வெளிவந்து முதல் வாரத்திலேயே 6 இலட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையான இரட்டைத் தொகுப்பு. மூன்றாவது, ஒரேயொரு பிரதி மட்டும் தயாரிக்கப்பட்டு 2015 இல் தனியொருவருக்கு விற்கப்பட்ட தொகுப்பு. 2000 நவம்பர் 21 இல் வெளிவந்த 'த டபிள்யூ' இந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. என்னுடைய அபிப்பிராயத்தில், அந்தக் குழு மனந்திறந்து பேசியது இந்தத் தொகுப்பில்தான்.

காலமெல்லாம் அரசியல் செய்திகளோடு மல்லுக்கட்டிய ஒருவனுக்கு நியூயோர்க் நகர இளைஞர்களின் ராப் இசையில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ராப் இசையை நான் ஒரு செய்தியாளனின் காதுகளாலேயே கேட்கிறேன். யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார், எதை மறைக்கிறார் என்று பார்ப்பதே என் தொழில். அந்தப் பழக்கம் இசையைக் கேட்கும்போதும் விட்டுப்போவதில்லை.

பின்னணியைச் சற்றுக் கூறவேண்டும். நியூயோர்க்கின் ஐந்து நிர்வாகப் பிரிவுகளில் ஒதுக்குப்புறமானது என்று கருதப்படும் ஸ்டேடன் ஐலண்டை மையமாகக்கொண்டு உருவான ஒன்பது பேர் குழு இது. ரிஸா என்பவரே அதன் தலைவரும் இசையமைப்பாளரும். ஹொங்கொங் குங்ஃபூ திரைப்படங்களில் ஊறிய அவர்கள் தமது தீவுக்கு 'ஷாவோலின்' என்று பெயர் சூட்டிக்கொண்டனர். குழுவாக ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, உறுப்பினர்கள் தனித்தனியே வேறு நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்யும் உரிமையையும் ரிஸா பெற்றுக்கொடுத்தார். அதன் பயனாக 1994 க்கும் 1996 க்கும் இடையில் மெதட் மான், ஓல் டேர்ட்டி பாஸ்ரட், ரேக்வோன், ஜிஸா, கோஸ்ட்ஃபேஸ் கில்லா ஆகிய ஐவரின் தனித் தொகுப்புகள் வெளிவந்தன.

குழுவைப் பிரபலமாக்கிய அந்த ஏற்பாடே பின்னர் அதற்குப் பாரமாகவும் ஆகியது. குழுவின் சின்னம் பொறித்த ஆடைகள் சந்தைக்கு வந்தன, 1999 இல் கணினி விளையாட்டு ஒன்றும் வெளியானது. எங்கு திரும்பினாலும் வூ-டாங் என்ற நிலை. ஊரெல்லாம் உறவு, உண்ண ஒரு பிடி சோறில்லை என்பார்களே, அதுபோல எங்கும் இருந்த குழு ஓரிடத்தில் ஒன்றாக இருக்கவில்லை. 'த டபிள்யூ' வெளிவந்த நேரம் அதுதான்.

முந்தைய இரட்டைத் தொகுப்பு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நீண்டது. இதுவோ ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறது. இசையும் இளைத்திருக்கிறது. ஒரு தாளம், ஒரு குரல், பின்னால் பழைய ஆன்மிசைப் பாடல் ஒன்றின் தேய்ந்த துணுக்கு, அவ்வளவே. 'ஹொலோ போன்ஸ்' என்ற பாடலின் அடியில் ஒலிப்பது, கறுப்பனாக இருப்பதாலா இந்த நிலை என்று கேட்கும் சில் ஜோன்சனின் பழைய பாடல். அதை அறிந்து கேட்டால் மேலே ஒலிக்கும் துப்பாக்கிக் கதைகளின் பொருளே மாறிவிடுகிறது.

தொகுப்பின் இதயம் 'ஐ கான்ட் கோ டு ஸ்லீப்' என்ற பாடல். ஐசக் ஹேய்ஸ் 1969 இல் பன்னிரண்டு நிமிடங்களுக்கு நீட்டிப் பாடிய 'வோக் ஒன் பை' இதன் அடித்தளம். அதன்மேல் கோஸ்ட்ஃபேஸ் அழுகிறார். நான் உவமையாகச் சொல்லவில்லை, உடைந்த குரலில் அழுதபடியே வரிகளைச் சொல்கிறார். அடுத்து வரும் ரிஸா, பிள்ளைகளின் கண்ணெதிரே சுடப்பட்ட மல்கம் எக்ஸ், விடுதி மாடத்தில் சுடப்பட்ட மார்ட்டின் லூதர் கிங், நாடுகடத்தப்பட்ட மார்கஸ் கார்வி என்று ஒவ்வொரு பெயராக அழைக்கிறார். இவை முறையே 1965, 1968, 1927 ஆம் ஆண்டுகளின் சம்பவங்கள். 2000 ஆம் ஆண்டில் ஒருவரின் உறக்கத்தை அவை கெடுக்கின்றன. கடைசியில் ஹேய்ஸ் தாமே வந்து, வீட்டுக்குப் பெரியவரைப் போல, அழுகையை நிறுத்தி எழுந்து நிற்கும்படியும் சகோதரனைக் கொல்லாதிருக்கும்படியும் சொல்கிறார்.

இறந்தோரின் பெயர்களை அச்சுக்கு அனுப்பியே பழகிப்போன என்னை இந்தப் பாடல் நிலைகுலைய வைத்தது. பெயர்களை வரிசைப்படுத்தும்போது செய்தியாளன் உணர்ச்சியை ஒதுக்கிவைக்கிறான். அது தொழில் ஒழுக்கம். ஒப்பாரி வைப்பவளும் பெயர்களைத்தான் வரிசைப்படுத்துகிறாள், ஆனால் அவளால் எதையும் ஒதுக்கிவைக்க முடியாது. ரிஸா இங்கு செய்வது அவளுடைய வேலை.

இன்னொரு பாடலையும் குறிப்பிடவேண்டும். முதல் தொகுப்பில் ஒரேயொரு பாடலில் மட்டும் குரல் கொடுத்த மாஸ்டா கில்லாவுக்கு இங்கே ஒரு முழுப் பாடல் கிடைக்கிறது. ஜமெய்க்காவின் ஜூனியர் ரீட் துணைக்கு வந்து, அனைவரும் ஒரே இரத்தம் என்ற தமது பழைய பாடலை மீண்டும் பாடுகிறார். கடைசியாக நின்றவனை முன்னே அழைத்து ஒற்றுமையைப் பாடவைத்தது ரிஸாவின் நுட்பமான தெரிவு.

அந்த ஒற்றுமையில் ஓர் ஓட்டை இருந்தது. ஓல் டேர்ட்டி பாஸ்ரட்டின் குரல் ஒரே பாடலில்தான் ஒலிக்கிறது. நீதிமன்றம் அனுப்பிய போதைப் புனர்வாழ்வு நிலையத்திலிருந்து அவர் 2000 ஒக்டோபரில் தப்பியோடினார். தலைமறைவாக இருந்தபடியே நவம்பரில் நியூயோர்க்கில் குழுவின் மேடையில் திடீரெனத் தோன்றினார். சில நாட்களில் பிலடெல்பியாவில் கைதானார். 2004 நவம்பர் 13 இல், 36 வயது நிறைவடைய இரண்டு நாட்களே இருந்தபோது, ரிஸாவின் ஒலிப்பதிவுக்கூடத்தில் இறந்துபோனார். தொகுப்பு முழுவதும் உணரப்படும் வெறுமைக்கு அவர் இல்லாததும் ஒரு காரணம்.

குறைகள் இல்லாமலில்லை. விருந்தினர் அதிகம். பிரித்தானியாவில் முதல் பத்து இடங்களுக்குள் வந்த 'கிரவல் பிட்' கொண்டாட்டப் பாடலாகத் தனியே இனிக்கிறது, இந்தத் துக்க வீட்டுக்குப் பொருந்தவில்லை. பெண்களைப் பற்றிய சில வரிகள் இன்றும் முகம் சுளிக்கவைப்பவை. இவற்றைக் கலையின் பெயரால் நியாயப்படுத்த நான் தயாரில்லை.

ஆயினும், முதல் தொகுப்பு இருபத்து நான்கு வயது இளைஞர்களின் அறைகூவல் என்றால், இது முப்பதைத் தொட்டவர்களின் கணக்கெடுப்பு. யார் இருக்கிறார்கள், யார் இல்லை, எஞ்சியிருப்பவர்கள் என்ன செய்வது என்ற கேள்விகளை அறைகூவல்கள் கேட்பதில்லை. அந்தக் கேள்விகளோடு விழித்திருப்பவர்கள் இந்தத் தொகுப்பை ஒருமுறை கேட்டுப்பார்க்கலாம்.