சிங்ககட் மலையில் ஒரு ஞாயிறு

புனே நகருக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியும் சிங்ககட் மலையில் நாங்கள் நடந்து ஏறியதில்லை. ஊரிலிருந்து உறவினர் வரும்போது வாடகை வண்டி அமர்த்தி, உச்சி வரை சென்று, மோர் பருகித் திரும்புவதோடு சரி. அரசு அலுவலக எழுத்தனின் ஞாயிற்றுக்கிழமை மாவரைக்கவும் துணி துவைக்கவுமே போதாது. அப்படியிருக்க, சென்ற ஆண்டு ஜூன் முதல் ஞாயிறன்று அதிகாலைப் பேருந்தில் ஆத்கர்வாடி சென்று இறங்கினோம். காரணம் எங்கள் தந்தையார்.

அன்னையார் மறைந்த பின் அவரைப் பாபநாசத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களுடன் அழைத்து வந்திருந்தோம். மூன்றாம் மாடிக் குடியிருப்பில் நான்கு மாதங்கள் சன்னலோரம் அமர்ந்திருந்தார். வாரத்துக்கு ஒருமுறை, "டிக்கெட் போட்டியா?" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. "பொதிகையைப் பார்த்தே எழுபது வருஷம் இருந்தவங்க. ஒரு மலையையாவது காட்டிக் கொண்டு வருவோம்" என்றாள் மனைவி.

சிங்ககட் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,300 மீட்டர் உயரம். தபதி ஆற்றின் தென்கரையில் தொடங்கிக் குமரி வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்ததுதான் இதுவும். வடபகுதியைச் சஹ்யாத்ரி என்கிறார்கள். தென்கோடியில் நிற்பது நம் பொதிகை. மலைத்தொடர் ஒன்றாயினும் பாறை வேறு. ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி பிளந்து வழிந்த எரிமலைக் குழம்பு, அடுக்கடுக்காக உறைந்து கருங்கல்லானது இங்கே. அதனால்தான் தொலைவிலிருந்து பார்த்தால் இம்மலைகள் படிக்கட்டுப் போலத் தோன்றுகின்றன. மழைக்கு முந்தைய அந்த நாளில் எங்கும் பச்சை இல்லை. காய்ந்த புல்லும் செம்மண் புழுதியும்தான். "மலைன்னு சொன்னீங்களே" என்பது போல் எங்களைத் திரும்பிப் பார்த்தார் தந்தையார்.

முதல் திருப்பத்தில் மூதாட்டி ஒருவர் கூடை வைத்து அமர்ந்திருந்தார். இலைத் தொன்னைகளில் கரும் ஊதா நிறத்தில் சிறு பழங்கள். மராத்தியில் கர்வந்த் என்பார்கள். தந்தையார் குனிந்து ஒன்றை எடுத்து வாயிலிட்டார்.

"ஏல, இது களாப்பழம்லா!"

நான்கு மாதங்களில் அவர் குரல் உயர்ந்து கேட்டது அப்போதுதான். அவர் தமிழிலும் மூதாட்டி மராத்தியிலுமாக விலை பேசினார்கள். எங்கள் மொழிபெயர்ப்பை இருவரும் பொருட்படுத்தவில்லை.

பிறகு பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். 1670-ஆம் ஆண்டு தானாஜி மாலுசரே இரவில் ஏறிக் கோட்டையைப் பிடித்த வரலாற்றை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். உடும்பின் உடலில் கயிறு கட்டிச் சுவரேறினார் என்ற கதையை வரலாற்று அறிஞர் பலர் ஏற்பதில்லை என்று நாங்கள் குறுக்கிட்டோம். எழுத்தன் புத்தி! "உடும்பு பிடிச்சா விடாதுட்டி, நீ சொல்லு" என்றார் அவர்.

பாதி வழியில் மூச்சு வாங்கியது. மோர் விற்கும் குடிசையொன்றின் முன் பலகையில் அமர்ந்து, "நீங்க போயிட்டு வாங்க" என்றார். தயங்கினோம்; வற்புறுத்தினார். ஒரு மணி நேரத்தில் திரும்புவதாகச் சொல்லிச் சென்றோம்.

மேலே புனே வாயிலைக் கடந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. கீழே கடக்வாஸ்லா நீர்த்தேக்கம் ஈயத் தகடுபோல் கிடந்தது. தேவ் டாகே சுனையின் நீரை அள்ளிப் பருகினோம். விறகடுப்பில் சுட்ட சோள பாக்ரியும் கடலைமாவில் கிண்டிய பிட்லாவும் உண்டோம். புறப்பட எழுந்தபோது இரண்டரை மணி நேரம் கடந்திருந்தது. அவ்வளவு நேரமும் அவரை மறந்திருந்தோம் என்று எழுதுவதற்கு இப்போதும் கூச்சமாக உள்ளது.

வானம் கறுத்து, இடி உருளத் தொடங்கியிருந்தது. இறங்கி வந்து பார்த்தால் பலகை காலி. குடிசையில் ஒருவரும் இல்லை. கைப்பேசியை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். பெயர் சொல்லி அழைக்க முடியாத உறவை மலைச்சரிவில் எப்படிக் கூவி அழைப்பது? "அப்பா, அப்பா" என்று கத்தினோம். மகள் அழுதுவிட்டாள்.

குடிசையின் பின்புறமிருந்து பதில் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடைக்காரப் பெண்மணி எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, சாய்ந்திருந்த தட்டிச் சுவரைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். கார்வி என்னும் செடியின் காய்ந்த குச்சிகள் அவை. நம் குறிஞ்சியின் உறவு. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்றால் இது ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். "மழை வருதுல்லா, கட்டு தளர்ந்து கிடந்துது" என்றார், எங்களை நிமிர்ந்து பாராமலே. நாங்கள் தாமதித்ததைக் கேட்கவேயில்லை. அப்பெண்மணி அவரை "ஆஜோபா" என்று அழைத்தார். மோருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

நனைந்துகொண்டே இறங்கினோம். பேருந்தில் பேத்தி அவர் மடியில் உறங்கினாள். இனி இங்கேயே இருந்துவிடுவார் என்று எங்களுக்குள் ஒரு நினைப்பு. சுவார்கேட் நெருங்கும்போது அவரே சொன்னார்: "உங்க மலை நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்க நம்ம வீட்டு ஓடு மாத்தணும்லா. மழைக்கு முன்னால போகணும்."

மறுநாள் அலுவலகத்தில் உணவு இடைவேளையில் நாகர்கோவில் விரைவு வண்டிக்குப் பயணச்சீட்டுப் பதிவு செய்தோம். அவர் பைக்குள் செய்தித்தாளில் பொதிந்த களாக் கொட்டைகள் இருந்தன. வேட்டியில் பட்ட களாப்பழக் கறை, மனைவி எவ்வளவோ தேய்த்தும் போகவில்லை.